பெரியவர்களின் ருசி

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்குப் பாகற்காய் பிடிக்க ஆரம்பித்தது. சகித்துக்கொண்டு சாப்பிடுவதைச் சொல்லவில்லை. மதியத்துக்குப் பாகற்காய்த் தீயல் என்று தெரிந்தால் பதினொரு மணிக்கே பசிக்கத் தொடங்கிவிடுகிறது. தேங்காய்த் துருவலை நன்றாகச் சிவக்க, கருகுவதற்கு ஒரு நிமிடம் முன்புவரை வறுக்க வேண்டும். கூடவே மல்லியும் மிளகாய் வற்றலும் சின்ன வெங்காயமும். அரைத்துப் புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டு இறக்கினால், எல்லா ருசிக்கும் அடியில் ஒரு கசப்பு மிஞ்சி நிற்கும். அந்தக் கசப்புக்காகத்தான் சாப்பிடுகிறேன். யாராவது வெல்லத்தைக் கூடப் போட்டு அதை மறைத்துவிட்டால் ஏமாற்றமாக இருக்கிறது.

இதே தீயலைத் தாத்தா சாப்பிடுவதை எட்டு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் பழைய வீடு, நீளமான பட்டாசாலை. சோற்றை நிதானமாகப் பிசைந்து, ஒவ்வொரு கவளத்துக்கும் கண்ணை லேசாக மூடிக்கொள்வார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்குவார். அல்வா கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு ஒரு மனிதர் எதற்காக இதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. வயதானால் நாக்கு மரத்துவிடும், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால், என்னைச் சுற்றியிருந்த பெரியவர்கள் விரும்பிச் செய்த எல்லாமே அந்த வயதில் எனக்கு இப்படித்தான் தெரிந்தன. மத்தியானம் கதவை ஒருக்களித்துவிட்டுத் தூங்குவார்கள். பேப்பரை முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்து வரி விளம்பரம்வரை படிப்பார்கள். ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்து, பேசாமல் மல்லாந்து கிடப்பார்கள். இதில் என்ன இருக்கிறது? ஓடலாம், ஏறலாம், தின்னலாம், சண்டை போடலாம். இத்தனையும் இருக்க, இவர்கள் ஏன் இப்படி வீணாக்குகிறார்கள்?

இன்று என் வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு பதிவு வருகிறது. பம்பரம், கோலிக்குண்டு, தேன்மிட்டாய், சைக்கிள் டயர் உருட்டிய தெரு, கடைசியில் ‘அந்தச் சந்தோஷம் இனி வருமா’ என்று ஒரு கேள்வி. அனுப்புகிறவர்கள் என் வயதுக்காரர்கள், எனக்குப் பிரியமானவர்கள். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியோடு எனக்கு உடன்பாடு இல்லை. பன்னிரண்டு வயதோடு சந்தோஷம் முடிந்துவிட்டது, அதற்கப்புறம் எல்லாம் கடன் கட்டுவதுதான் என்று நம்பினால், நம்மை வளர்த்தவர்கள் எல்லாரும் சந்தோஷமே இல்லாமல் வாழ்ந்தார்கள் என்று சொல்வதாகிவிடும். அவர்களுக்கு இருந்தது. நம் கண்ணுக்கு அது அப்போது படவில்லை, அவ்வளவுதான்.

கசப்பையே எடுத்துக்கொள்வோம். நம் நாக்கில் இனிப்பை அறிய முக்கியமாக ஒரே ஒரு வகை ஏற்பிதான் (சுவையை உணரும் நுண்ணிய அமைப்பு) இருக்கிறது. கசப்பை அறிய மட்டும் சுமார் 25 வகை. தாவரங்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் சேர்த்து வைக்கிற நஞ்சுகளில் பல கசப்பவை என்பதால், எச்சரிக்கைக்கு அத்தனை காவல். சிறு பிள்ளைகளுக்கு இந்தக் காவல் கடுமையாக இருக்கும். அதே சமயம் வளர்கிற உடம்பு இனிப்பைக் கூடுதலாகக் கேட்கும். பதின்ம வயது கடக்கையில் அந்த இனிப்பு மோகம் தணிந்து பெரியவர்களின் அளவுக்கு வந்துவிடும். கசப்பு விஷயத்தில் நாக்கு மட்டும் மாறுவதில்லை, நாமும் கற்றுக்கொள்கிறோம். சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை, சுற்றியிருக்கிறவர்களும் ரசித்துச் சாப்பிடுகிறார்கள் என்று உடம்புக்குத் தெரியத் தெரிய, எச்சரிக்கையாக இருந்தது ருசியாகிறது. ஆக, இலையின் ஓரத்தில் பாகற்காயை ஒதுக்கிய நானும் சரி, கண்ணை மூடி ரசித்த தாத்தாவும் சரி.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மோனெல் ஆய்வு மையத்தில் ஒரு சோதனை செய்தார்கள், முடிவுகள் 2001-ல் வெளிவந்தன. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்து வந்த தாய்மாரின் குழந்தைகள், பிற்பாடு கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். தாய் சாப்பிட்டதன் வாசனை பனிக்குட நீர் வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் குழந்தையை எட்டிவிடுகிறது. இதைப் படித்தபோது பிள்ளை பெற்ற வீட்டில் கொதிக்கிற பூண்டுக் குழம்பும், உளுந்தம்பருப்புச் சோறும், அதில் விழுகிற வெந்தயமும் எனக்கு நினைவு வந்தன. தாத்தாவின் தீயல் நாற்பது வருடம் கழித்து என்னிடம் வந்தது என்று இனி என்னால் சொல்ல முடியாது. அது முதலிலேயே வந்து உள்ளே இருந்திருக்கலாம்.

அப்புறம் காப்பி. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக் காப்பி கிடையாது, பால்தான். கொட்டையைக் கண்ணெதிரே அரைத்துத் தருகிற கடையில் அம்மாவோடு போய் நிற்பது மட்டும் பிடிக்கும், அந்த வாசனைக்காக. இப்போது பொட்டலத்திலேயே காப்பி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று அச்சிட்டு வருகிறது. கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அன்றைக்கு அம்மா, சிக்கரி கொஞ்சமாகப் போடுங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுத் தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

காலைக் காப்பி வீட்டுக்கானது. முதல் டிகாஷன் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும், அடுத்து வந்துபோகிறவர்களுக்கு. அம்மாவின் டம்ளரில் விழுவது இரண்டாவதாக இறக்கிய டிகாஷன்தான், நிறம் மட்டும் இருக்கும். ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து, அடுக்களையைத் துடைத்து முடித்த பிறகு, தனக்கென்று புதுத் தூள் போட்டுச் சின்ன ஃபில்டரில் இறக்குவாள். டம்ளரோடு புறவாசல் படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். முருங்கை மர நிழல், கிணற்றடி, உள்ளே மெல்லிய சத்தத்தில் திருநெல்வேலி வானொலி. வேறு எதுவும் கிடையாது. லீவு நாளில் நான் பக்கத்தில் போய் எதையாவது கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல், “செத்த நேரம் அங்கிட்டு போய் வெளையாடுட்டி” என்பாள். கோபமான குரலும் இல்லை. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். அந்த இருபது நிமிடம் அவள் என் அம்மாவாக இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. என் நினைவில் எப்போதும் பெரிய மனுஷியாக உட்கார்ந்திருந்தவள், இன்றைய என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவள். என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்து, மதியம் என்ன ஆர்டர் செய்யலாம் என்று கூடிப் பேசுகிற பெண்களின் வயது. அந்த வயதில் மாமனார், மாமியார், மூன்று பிள்ளைகள், ஓயாத விருந்தாட்கள். அதில் தனக்கென்று அவள் பிடித்து வைத்திருந்த இடம் ஒரு டம்ளர் அளவு.

போன வருடம் ஒருநாள் கேட்டேன். “அந்த நேரத்துல என்னம்மா நெனைச்சுக்கிட்டு இருப்பே?” அம்மா யோசிக்காமல் சொன்னாள்: “ஒண்ணும் நெனைக்க மாட்டேன். அதுக்குத்தானட்டி அந்தக் காப்பி.”

பெற்றோரைப் பெற்றோராக மட்டும் பார்ப்பது பிள்ளைகளின் உரிமை. பசிக்கிற பிள்ளை அம்மாவின் தனிமையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் வளர்ந்த பிறகு அவர்களைத் தனி மனிதர்களாக, ஆசையும் ரசனையும் உள்ளவர்களாகப் பார்க்க முடிகிறதே, வயது கொண்டுவந்து தருகிறவற்றில் எனக்கு இதுதான் மிகப் பெரிதாகத் தெரிகிறது.

வடகம் விஷயத்தில் என் பார்வை மாறியது இத்தனை நேராக நடக்கவில்லை.

முழுப் பரீட்சை முடிந்து சித்திரை வெயில் ஏறியதும் எங்கள் தெருவில் மொட்டை மாடிகள் நிறையத் தொடங்கும். மோர் மிளகாய், சுண்டை வற்றல், கூழ் வடகம். பிள்ளைகளுக்கு அது திருவிழாதான். கறுப்புக் குடையும் கம்பும் ஒரு சொம்பு மோரும் கொடுத்துக் காக்கா விரட்ட மேலே அனுப்பிவிடுவார்கள். குடைக்குள் கதைப் புத்தகம். மத்தியானத்தில் வடகம் பாதி காய்ந்திருக்கும். மேலே மெல்லிய தோல், உள்ளே இன்னும் இளகிய கூழ், எலுமிச்சைப் புளிப்பும் பச்சை மிளகாய்க் காரமும் உப்பும் முழுதாக இருக்கும். வரிசை கலையாமல் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக உரித்துத் தின்போம். எண்ணெயில் பொரித்த வடகத்தைவிட அந்தப் பாதி வடகம்தான் எனக்கு இன்றும் ஒசத்தி.

இருபதுகளில் சென்னையில் வேலைக்குப் போன பிறகு இதே காட்சி எனக்கு வேறாகத் தெரிந்தது. முந்தின ராத்திரி அரிசியையும் ஜவ்வரிசியையும் ஊறவைத்து அரைக்கிறவர்கள் யார்? விடிவதற்கு முன் எழுந்து, பெரிய உருளியில் கூழைக் கட்டி தட்டாமல், அடிபிடிக்காமல் கிண்டுகிறவர்கள் யார்? கூழ் ஆறினால் பிழிகிற நாழியில் இறங்காது. வெயில் ஏறிவிட்டால் மாடியில் கால் வைக்க முடியாது. ஆகவே கொதிக்கக் கொதிக்க மேலே தூக்கிக்கொண்டு போய், பழைய வேட்டியை விரித்து, மணிக்கட்டு வீங்க வீங்கப் பிழிய வேண்டும். சாயங்காலம் துணியைத் திருப்பித் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மறுநாளும் காய வைக்க வேண்டும். இதற்கு நடுவில் மூன்று வேளைச் சமையல். வருடம் முழுக்க அதைச் சாப்பிடுகிற ஆண்கள் அதிகபட்சம் சொல்வது, இந்தத் தடவை உப்பு தூக்கல் என்பதுதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. இனிமேல் நீ இதைச் செய்யக் கூடாது, கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் போனில் சத்தம் போட்டேன். அந்த ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. இன்றும் அதைக் கைவிட நான் தயாராக இல்லை.

ஆனால் அம்மா சொன்ன பதில் எனக்குள் மெதுவாகத்தான் இறங்கியது. “வடகம் போடுற அன்னைக்குத்தானட்டி நாங்க நாலு பேரும் ஒண்ணா இருப்போம். கீழே இருந்து யாரும் கூப்பிடவும் மாட்டாக. எவ்வளவு பேசுவோம் தெரியுமா?” நாலு பேர் என்றால் அம்மா, ஆச்சி, பக்கத்து வீட்டு அத்தை, எதிர்வீட்டு மதினி. அவள் சொன்ன பிறகுதான் அந்தச் சிரிப்புச் சத்தம் எனக்கு ஞாபகம் வந்தது. இருட்டில் பாதித் தூக்கத்தில் படுத்திருப்பேன், மாடியிலிருந்து ஆச்சியின் சிரிப்பு கேட்கும். கீழே, அடுக்களையில், ஆச்சியும் அம்மாவும் சேர்ந்து அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மாமியாரும் மருமகளும் சிநேகிதிகளாக இருந்த இடம் அந்த மொட்டை மாடிதான்.

சின்னப் பிள்ளை விளையாட்டைப் பார்த்தாள், இளம்பெண் உழைப்பைப் பார்த்தாள். இரண்டும் இருந்தன. அந்த உழைப்புக்குள் நாலு பெண்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட ஒன்றும் இருந்தது. அவர்கள் சிரித்தார்கள் என்பதற்காக அந்த உழைப்பு நியாயமாகிவிடாது. உழைப்பு அநியாயமானது என்பதற்காக அந்தச் சிரிப்பு பொய்யாகிவிடாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதற்கு எனக்கு இத்தனை வருடம் தேவைப்பட்டது.

இப்போது நாங்களும் ஏப்ரலில் ஒரு நாள் வடகம் போடுகிறோம். கூழ் கிண்டுவது என் கணவர், பிழிவது நானும் மகளும் மாறி மாறி, உப்புப் பார்ப்பது அம்மா. காக்கா விரட்டவும் ஆள் இருக்கிறது. இந்த வேலைப் பங்கீடு எங்கள் வீட்டில் தானாக வரவில்லை, பேசிப் பேசித்தான் வந்தது. அது வந்ததில் எனக்கு வடகத்தைவிடச் சந்தோஷம்.

நேரம் சுருங்கிப்போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைக்குப் பெரிய லீவு முடிவே இல்லாமல் நீண்டது, இன்றைக்குப் பொங்கல் முடிந்தால் தீபாவளி வந்துவிடுகிறது. 1890-லேயே வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார்: சிறுவயதில் ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதாவது நடக்கிறது, நினைவு நிறைகிறது. வயதாக ஆகப் பழக்கம் ஏறி, நாட்கள் அடையாளமில்லாமல் வழுக்கிப் போகின்றன. பெரும்பாலும் சரிதான். ஆனால் தினமும் ஒரே மாதிரி நடந்த அம்மாவின் மூன்று மணிக் காப்பியை அவரது கணக்கில் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பழகிய ஒன்றையே முழு மனதோடு செய்யும்போதும் நேரம் நின்று போகத்தான் செய்கிறது.

நான் அதை நன்றாக உணர்வது ஆற்றில்தான்.

தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்ந்துவிடுகிறது. இரண்டு பருவமழையும் அதன் மலைக்குக் கிடைப்பதால் கோடையிலும் தண்ணீர் இருக்கும். ஆற்றுக் குளியல் எங்கள் ஊரில் விசேஷம் கிடையாது, அன்றாடம். ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறைக்கு அப்பா எங்களைக் கூட்டிப் போவார். ஆற்றுக்குள்ளேயே முருகன் கோவில். வெள்ளம் வந்தால் கோவில் மூழ்கும், உற்சவரைக் கரையிலுள்ள கோவிலுக்கு எடுத்து வந்துவிடுவார்கள். பையன்கள் கல் மண்டபத்தின் மேலிருந்து குதிப்பார்கள், நாங்கள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு படியோரம் நீந்துவோம். அப்பா மட்டும் கழுத்தளவு தண்ணீரில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவார். அரைமணி நேரம் அசைய மாட்டார். நீந்தத் தெரிந்த மனிதர் ஏன் நீந்தாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்களுக்குப் பெரிய குறை. இப்போது நானும் உட்கார்கிறேன். முதுகை ஓட்டம் தள்ளும். காலைச் சின்ன மீன்கள் கொத்தும். காலையிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு தானாக அடங்கும். இதைவிட்டு எதற்காக நீந்த வேண்டும்?

அதே ஆறு பயத்தையும் கற்றுக்கொடுத்தது. 1992 வெள்ளத்தில் சுலோச்சன முதலியார் பாலத்துப் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றோம். நிறம் மாறி, மரங்களை உருட்டிக்கொண்டு போன தண்ணீரை வாய் பிளந்து பார்த்தேன். எனக்கு அது வேடிக்கை. அப்பா என் கையை வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. 2023 டிசம்பரில், கடலோரக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அதே வெள்ளத்தில், ஆறு கரை மீறி எங்கள் ஊருக்குள் வந்தபோது, என் மகள் ஜன்னலில் நின்று உற்சாகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கீழ்த்தளத்து வீட்டிலிருந்த வயதான தம்பதியை மேலே கொண்டுவருவதைப் பற்றியும், மின்சாரம் போனால் தண்ணீர் ஏற்றுவதைப் பற்றியும், ஆற்றோரக் குடிசைகளைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவளை அதட்டத் தோன்றவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

வயது தருகிற இன்னொரு கண் கழிவுநீரைப் பார்க்கிறது. குழந்தையாக இருந்தபோது படித்துறை என்றால் குதிக்கிற இடம். இன்றைக்கு இறங்கும்போதே எந்த ஓடை எங்கே வந்து கலக்கிறது, நுரை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, தோய்த்து எறிந்த துணி காலில் சிக்குமா என்று பார்த்துத்தான் இறங்குகிறேன். ஆற்றில் கழிவு கலப்பது பற்றிய வழக்கில் 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதிகளே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு டம்ளர் காப்பியை யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக்குள் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் உட்காரும் சுகத்தை ஒரு ஆள் தனியாகக் காப்பாற்ற முடியாது. அது ஒரு ஊரே சேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டிய சொத்து. கார் போக்குவரத்தும் நெல் விலையும் பேசுகிற அளவுக்கு நாங்கள் இதைப் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மகளுக்கு நீச்சல் பழக்க இப்போதைக்கு ஆற்றோடு மேலே, சேரன்மகாதேவிப் பக்கம் போகிறோம். அங்கே தண்ணீர் தெளிவாக இருக்கிறது. எங்கள் தெருவில் சிலர் சேர்ந்து, நகரத்துப் படித்துறைகளுக்கு மேலே கலக்கிற ஓடைகளை ஒவ்வொன்றாக நடந்து போய்ப் பார்த்து, படமெடுத்து, எந்தத் தெருவின் தண்ணீர் எதில் வருகிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். கழிவு கலப்பதைத் தடுக்கச் சொல்லி நாங்கள் கொடுக்கப்போகிற மனுவோடு அதையும் இணைக்கப் போகிறோம். கையெழுத்துப் போட வருகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஒவ்வொருவரும் தான் எந்தத் துறையில் நீச்சல் பழகினேன் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பேனாவைக் கையில் வாங்குகிறார்கள்.